மீட்டுக்கொள்ளும் நுண்குழல்கள்

உப்பும் நன்னீரும் அண்டை வீட்டாரைப்போல் அடுத்தடுத்து வாழும் நாடு செங்கற்பட்டு நாடு. மேற்கே எண்ணற்ற ஏரிகள். நடுவே மணலுக்கடியில் தன் நீரை ஒளித்துவைத்து நடக்கும் பாலாறு. கிழக்கே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம்வரை நீளும் கடற்கரை. இந்நிலத்து மக்கள் இரண்டு கலைகளை நெடுங்காலமாகப் பயின்றுவந்தனர். ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுநீர் இறைப்பது ஒன்று. கழிநீரைப் பாத்தியில் தேக்கி உப்பு விளைவிப்பது மற்றொன்று. முன்னதில் உப்புக் கலவாத நீரைத் தேடிக்கொண்டனர். பின்னதில் நீரை விலக்கி உப்பை எடுத்துக்கொண்டனர்.

உப்பு விளைவிப்போரின் நுட்பம் பொறுமையானது. கடல்நீரை ஒரே பாத்தியில் வற்றவைத்தால் கிடைப்பது கலப்புப் பொருளே. ஆகவே நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுகின்றனர். முதலில் சுண்ணப்பொருளும் அடுத்துச் சிப்சமும் படிகின்றன. அதன்பிறகே கறியுப்பு விளைகிறது. இறுதியில் எஞ்சும் கசப்புநீரை வெளியே விட்டுவிடுகின்றனர். எதை எங்கே கொள்வது, எதை எப்போது விடுவது என்னும் அறிவே அத்தொழிலின் உயிர். சங்கப் பாடல்களில் நெல்லுக்கு உப்பை மாற்றிச் சென்ற உமணர் காலத்திலிருந்து, 1805-இல் சென்னை மாகாணத்து உப்பைக் கும்பினியார் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்ட காலம் கடந்து, 1947-இல் உப்புவரி நீங்கிய நாள்வரைக்கும் இவ்வறிவு மாறவில்லை.

இத்தகைய தேர்ந்தெடுக்கும் தொழில் நம் ஒவ்வொருவர் உடலிலும் இடைவிடாது நடைபெறுகிறது. முதுகெலும்பின் இருபுறமும் அவரைவிதை வடிவில் அமைந்துள்ள சிறுநீரகங்களே அதன் களம். சிறுநீரகம் கழிவை வெளியேற்றும் உறுப்பு என்று பள்ளியில் பயின்றோம். அது பாதி உண்மை. தன் உழைப்பில் பெரும்பங்கை அது செலவிடுவது வெளியேற்றுவதில் அன்று, மீட்டுக்கொள்வதில்தான். இவ்வுண்மையைத் தெளிவாக அறிய மனித குலத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. அந்த வரலாற்றையும், அது நம் கடற்கரையோடு உறவுகொள்ளும் இடங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

நீரைப் பார்த்து நோயறிந்தோர்

சிறுநீரகத்தை அறிவதற்குமுன் மனிதர் சிறுநீரை அறிந்தனர். நம் சித்த மருத்துவர்கள் விடியற்காலை நீரைக் கண்ணாடிக் கலத்தில் ஏந்தி, அதன் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றை ஆராய்ந்தனர், அது நீர்க்குறி. பின்னர் அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் வளைகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என நோக்கி வாதம், பித்தம், கபம் எனப் பகுத்தனர், அது நெய்க்குறி. தேரையர் பெயரால் வழங்கும் நூல்கள் இம்முறையை விரித்துரைக்கின்றன.

சிறுநீரில் இனிப்பு ஏறும் நோயையும் நம் நாட்டார் மிகப் பழங்காலத்திலேயே கண்டனர். சுசுருதர் மரபில் அதன் பெயர் மதுமேகம், தமிழில் நீரிழிவு. அந்நீரை எறும்பு மொய்ப்பதும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. மேனாட்டில் 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் தேன்சுவையைக் குறித்துவைத்தார். 1776-இல் மாத்யூ டாப்சன் அத்தகைய நீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சர்க்கரையே என்று மெய்ப்பித்தார். ஆயினும் ஒரு வினா எவர் மனத்திலும் எழவில்லை. நோயாளியின் நீரில் சர்க்கரை ஏன் வந்தது என்றே எல்லாரும் கேட்டனர். நலமாயிருப்பவரின் குருதியிலும் சர்க்கரை இருக்கும்போது, அவர் நீரில் அது ஏன் வருவதில்லை? இந்த வினாவுக்குள்தான் சிறுநீரகத்தின் மறைபொருள் ஒளிந்திருந்தது.

குழல்களைக் கண்டவர்கள்

1662-இல் இத்தாலியின் பைசா நகரில் லொரென்சோ பெல்லினி என்னும் பத்தொன்பது வயது மாணவர் சிறுநீரகத்தை அறுத்து நோக்கி, அது வெறும் தசைத்திரள் அன்று, மிக நுண்ணிய குழல்களின் கட்டு என்று கண்டறிந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1666-இல், மார்செல்லோ மால்பீகி நுண்ணோக்கியின் துணையால், அக்குழல்களின் அருகே குருதி நாளங்கள் திரண்ட சிறு உருண்டைகளைக் கண்டார். பிற்காலத்தில் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னசென்ட்டின் மருத்துவராகப் பணியாற்றிய அதே மால்பீகிதான் இவர். உருண்டை ஒருபுறம், குழல் மறுபுறம். இரண்டுக்கும் உறவு என்ன என்பது அவருக்குப் புலப்படவில்லை.

அந்த உறவு விளங்க மேலும் 176 ஆண்டுகள் சென்றன. 1842-இல் இலண்டனில் வில்லியம் பௌமான், ஒவ்வோர் உருண்டையையும் ஒரு மெல்லிய கிண்ணம் சூழ்ந்திருப்பதையும், அந்தக் கிண்ணத்தின் தொடர்ச்சியே குழல் என்பதையும் காட்டினார். உருண்டை நீரைக் கசியவிடுகிறது. குழல்கள் கழிவுகளைச் சுரந்து அந்நீரில் சேர்க்கின்றன. நீர் அவற்றைக் கழுவிச் செல்கிறது என்பது அவர் கருத்து. அதே ஆண்டில் செர்மனியில் கார்ல் லுட்விக் நேரெதிரான கருத்தை முன்வைத்தார். குருதியழுத்தத்தால் உருண்டையில் அனைத்தும் வடிந்துவிடுகின்றன. குழல்வழி செல்லும்போது அவற்றில் பெரும்பகுதி மீண்டும் குருதிக்குத் திரும்புகிறது என்றார் அவர்.

குழல் கொடுக்கிறதா, கொள்கிறதா? எண்பது ஆண்டுகள் நீடித்த வழக்கு இது. ருடால்ஃப் ஐடன்ஹைன் என்னும் அறிஞர் நீலச்சாயம் ஒன்றைக் குருதியில் செலுத்தி, அது குழலின் உயிரணுக்களில் தோன்றுவதைக் காட்டினார். குழல் சுரக்கிறது என்பதற்கு அதைச் சான்றாக்கினார். மேலும் ஒரு கணக்கையும் போட்டார். ஒருநாளில் வெளியேறும் யூரியா முழுவதும் வடிகட்டுதலால்தான் வருகிறது என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 லிட்டர் நீர் வடிந்து, அதில் ஒன்றிரண்டு லிட்டர் நீங்கலாக மற்றதெல்லாம் திரும்பவேண்டும். இது நடக்கக்கூடியதா? இயற்கை இத்தனை வீண்வேலை செய்யுமா? அவர் கேள்வி நியாயமாகவே தோன்றியது. அக்காலத்து அறிஞர் பலர் அவர் பக்கம் நின்றனர்.

1917-இல் ஆர்தர் குஷ்னி என்பவர் பழைய வடிகட்டுக் கொள்கைக்குப் புத்துயிர் ஊட்டினார். வடிந்த நீரிலிருந்து உடலுக்கு ஏற்ற அளவில் நீரும் உப்பும் சர்க்கரையும் குழலால் மீட்கப்படுகின்றன என்று வாதிட்டார். வாதம் வலுவானது, ஆனால் கண்ணால் கண்ட சான்று இல்லை.

தவளை தந்த சான்று

அச்சான்று வந்தது ஒரு தவளையிடமிருந்து. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் நியூட்டன் ரிச்சர்ட்சும் ஜோசப் வேர்னும் 1921 முதல் ஒரு கடினமான முயற்சியில் இறங்கினர். மயக்கமூட்டிய தவளையின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியின்கீழ் வைத்து, முடியினும் மெல்லிய கண்ணாடிக் குழலைக் கூராக்கி, ஒரே ஒரு பௌமான் கிண்ணத்துக்குள் நுழைத்தனர். அங்கிருந்து கிடைத்தது ஒரு துளியில் மிகச் சிறு பங்கு நீர். அத்துணைச் சிறு அளவை ஆராயும் வேதிமுறைகளையும் அவர்களே உருவாக்க வேண்டியிருந்தது.

1924-இல் முடிவுகள் வெளிவந்தன. கிண்ணத்து நீரில் புரதம் இல்லை, சர்க்கரை இருந்தது, குளோரைடு உப்பு இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த நீரிலோ சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. கிண்ணத்தில் இருந்தது பையில் இல்லையென்றால், இடையிலுள்ள குழல் அதை எடுத்துக்கொண்டது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. லுட்விக்கின் கருத்தின் சாரம் வென்றது. ஐடன்ஹைனும் முற்றிலும் தோற்கவில்லை. குழல் சில பொருள்களைச் சுரக்கவும் செய்கிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனால் குழலின் தலையாய தொழில் மீட்டுக்கொள்வதே.

நம்பவியலாத கணக்கு

ஐடன்ஹைன் நம்ப மறுத்த 70 லிட்டரைவிட உண்மை பெரிதாயிருந்தது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிப்பான்கள் உள்ளன. கிண்ணமும் குழலும் சேர்ந்த இவ்வலகே நெஃப்ரான். இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றை நோக்கியே பாய்கிறது. நாளொன்றுக்கு வடியும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். நம் குருதியின் நீர்ப்பகுதியோ மூன்று லிட்டர் அளவுதான். எனவே அது ஒருநாளில் அறுபது முறை வெளியே கொட்டப்பட்டு அறுபது முறையும் மீட்கப்படுகிறது. அந்த 180 லிட்டரோடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பும், 180 கிராம் சர்க்கரையும் வடிந்துவிடுகின்றன. இறுதியில் சிறுநீராக வெளிவருவது ஒன்றரை லிட்டர் நீரும் சில கிராம் உப்பும். சர்க்கரை அறவே இல்லை. வடிப்பான் இயங்கிக்கொண்டிருக்கக் குழல்கள் மட்டும் தம் பணியை அரைமணி நேரம் நிறுத்தினால், குருதியின் நீர் அனைத்தும் போய்விடும்.

இம்மீட்பு எவ்வாறு நடக்கிறது? கிண்ணத்தை அடுத்துள்ள சுருள்குழலில்தான் மூன்றில் இரண்டு பங்கு வேலை முடிகிறது. குழற்சுவரின் ஒவ்வோர் உயிரணுவும் குருதியை நோக்கிய தன் புறத்தில் சோடியத்தை ஏற்றம் இறைப்பதுபோல் இடைவிடாது வெளியே இறைக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் வெளியே செல்ல, இரண்டு பொட்டாசியம் உள்ளே வருகின்றன. இதனால் உயிரணுவுக்குள் சோடியம் குறைகிறது. அக்குறையை நிரப்பக் குழலிலிருந்து சோடியம் உள்ளே நுழைகிறது. அது தனியே வருவதில்லை. சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கைப்பிடித்து அழைத்துவருகிறது. உப்பு சென்ற வழியே நீரும் பின்தொடர்கிறது. இந்த இறைவைப் பொறியை 1957-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ நண்டின் கால் நரம்புகளில் கண்டறிந்தார். 1997-இல் நோபல் பரிசு பெற்றார். நம் கரையிலும் மணலைத் துளைத்து ஓடும் நண்டுகளின் உடலில் உள்ள அதே பொறிதான் நம் சிறுநீரகத்திலும் உழைக்கிறது.

சுருளைக் கடந்த குழல் கொண்டை ஊசிபோல் வளைந்து, சிறுநீரகத்தின் ஆழத்துக்கு இறங்கி ஏறுகிறது. 1862-இல் ஹென்லே கண்ட வளைவு இது. ஏறும் கை உப்பை மட்டும் வெளியேற்றும், நீரை விடாது; அதனால் சுற்றியுள்ள பகுதியில் உப்பு செறிகிறது. இறுதிக் குழல் அந்தச் செறிந்த பகுதி வழியாகச் செல்லும்போது, உடல் தாகத்தில் இருந்தால் மூளையிலிருந்து ஒரு சுரப்பு வந்து குழற்சுவரின் நீர்வழிகளைத் திறக்கிறது. நீர் உள்ளே ஈர்க்கப்பட்டு, செறிந்த சிறுநீர் சிறிதளவே வெளியேறும். நீர் மிகுதியாக அருந்தியிருந்தால் அவ்வழிகள் மூடிக்கொள்ளும். ஏரியின் மதகை நீர்வரத்து அறிந்து திறந்து மூடும் நீர்மணியக்காரரின் தொழிலுக்கு இதனை ஒப்பிடலாம். இந்நீர்வழிகளாய் அமைந்த புரதத்தின் இயல்பை 1992-இல் பீட்டர் ஆக்ரே விளக்கினார். அவருக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனினும் இத்திறமைக்கும் எல்லை உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. மனிதச் சிறுநீரகத்தால் அத்துணை உப்பை அவ்வளவு நீரில் செறித்து வெளியேற்ற இயலாது. ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தவர் அதன் உப்பைக் கழிக்க ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரை இழக்கவேண்டும். கடலுக்குச் செல்லும் மீனவர் குடிநீர்க் குடத்தை உயிர்போல் காப்பதன் காரணம் இதுவே.

நெம்மேலியும் வேலூரும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடையது. அதனருகே 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னோர் ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. மிகுந்த அழுத்தத்தில் கடல்நீரை மெல்லிய சவ்வுகளில் செலுத்தி, நீரை மட்டும் கடக்கவிட்டு உப்பைத் தடுப்பது அங்குள்ள முறை. 1960-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து இதற்கான சவ்வைச் செய்துகாட்டியவர், இந்தியாவில் பிறந்த வேதியியலார் சீனிவாச சௌரிராசன் ஆவார். ஆலை எடுத்துக்கொள்ளும் கடல்நீரில் பாதிக்கும் குறைவே நன்னீராகிறது. மற்றது உப்புச்செறிந்து கடலுக்கே திரும்புகிறது. கடல்நீரும் குருதிநீரும் ஒன்றல்லவாதலால் ஆலையையும் குழலையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. என்றாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை ஓசையின்றி மீட்கும் குழலின் அருமை ஆலையைக் கண்டபின் கூடுதலாகவே விளங்குகிறது.

செயற்கைச் சிறுநீரகத்தின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது, செர்மானியர் பிடியிலிருந்த ஆலந்து நாட்டில், வில்லம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் மெல்லிய செல்லோபேன் குழாயை உருளையில் சுற்றி, 1943-இல் குருதித் தூய்மைப் பொறி ஒன்றை அமைத்தார். இன்றுவரை அப்பொறி செய்வது வடிப்பானின் பணியைத்தான். எதை மீட்பது என்னும் குழலின் அறிவு அதற்கு இல்லை. அதனால்தான் சவ்வின் மறுபுறம் ஓடும் நீரில் சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட்டு முதலியவற்றை மருத்துவர் முன்கூட்டியே அளந்து கலந்துவைக்க வேண்டியிருக்கிறது. நான்கு மணிநேரச் சிகிச்சை ஒன்றுக்கு ஏறத்தாழ 120 லிட்டர் மிகத் தூய நீர் செலவாகிறது. வாரத்தில் இரண்டு, மூன்று முறை ஒரு குடும்பம் தன் வேலையை விட்டு மருத்துவமனை வாயிலில் காத்துக்கிடந்து பெறுவது, குழல்கள் உறக்கத்திலும் கூலியின்றிச் செய்யும் பணியின் ஒரு பகுதியைத்தான்.

வேறொருவரின் குழல்களையே கடனாகப் பெறுவது மற்றொரு வழி. செங்கற்பட்டைக் கடந்து கடலை அடையும் அதே பாலாற்றின் கரையில், மேற்கே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 1971-இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் நடைபெற்றது. பின்வந்த ஆண்டுகளில் வறியோரின் சிறுநீரகம் சென்னையில் விலைப்பொருள் ஆன இழிநிலையும் நேர்ந்தது. 1994-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி அவ்விற்பனையைத் தடைசெய்தது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவ இணையர், விபத்தில் மூளைச்சாவு எய்திய தம் பதினைந்து வயது மகனின் உறுப்புகளைப் பிறர்க்கு வழங்கினர். தமிழ்நாட்டில் இறந்தோரின் உறுப்புக்கொடை ஓர் இயக்கமாக வளர்ந்ததற்கு இந்தச் செங்கற்பட்டுப் பெற்றோரின் துயரமே வித்தாயிற்று.

விரியனும் இருளரும்

நெம்மேலிக்கு அருகிலுள்ள வடநெம்மேலியும் இவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கது. சோழமண்டலக் கரையில் கும்பினியின் இயற்கையியலாளராய்ப் பணிபுரிந்த பாட்ரிக் ரசல் 1796-இல் இக்கரையின் பாம்புகளைப் பற்றி நூல் வெளியிட்டார். அவர் பெயரையே ஆங்கிலத்தில் தாங்கி நிற்கும் கண்ணாடி விரியன், சிறுநீரகக் குழல்களின் கொடிய பகைவன். அதன் நஞ்சு குருதியழுத்தத்தைத் தாழ்த்தி, நுண்நாளங்களில் குருதியை உறையச்செய்து, குழலின் உயிரணுக்களையும் தாக்குகிறது. வயலில் கடிபட்ட உழவருக்கு ஓரிரு நாளில் சிறுநீர் நின்றுவிடுவதுண்டு.

ஆனால் குழலுக்கு ஒரு வியத்தகு பண்பு உண்டு. உயிர் பிழைக்கவைத்துச் சில வாரங்கள் தாங்கிப்பிடித்தால், பெரும்பாலோரிடம் மடிந்த உயிரணுக்களின் இடத்தில் புதியன வளர்கின்றன. அப்போது மருத்துவர்கள் ஒரு விந்தையைக் காண்கின்றனர். நின்றிருந்த நீர் திரும்பவந்து, அளவுமீறிப் பல லிட்டர் பெருகுகிறது. வடிப்பான் விழித்துக்கொண்டது, இளங்குழல் இன்னும் மீட்கக் கற்கவில்லை. அந்நாள்களில் இழக்கும் நீரையும் உப்பையும் செவிலியர் அளந்து அளந்து ஈடுசெய்யாவிட்டால், கரைசேர்ந்த நோயாளி மறுபடியும் மூழ்க நேரிடும்.

கடிபட்டவரை விரைவில் காக்கும் நஞ்சுமுறிவு மருந்துக்குப் பாம்பின் நஞ்சே மூலப்பொருள். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்துவந்த இருளர் மக்கள், 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் அத்தொழிலை இழந்து நின்றனர். ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978-இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கலாயிற்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அவர்கள் முறை. நாட்டில் மருந்தாகும் நஞ்சில் பெரும்பங்கு இவர்கள் கையால் வந்ததே. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். எழுத்தறிவு எட்டாத குடிசைகளில் காக்கப்பட்ட கைத்திறன் ஒன்று, படித்தோர் நெடுநாள் அறியாதிருந்த அந்நுண்குழல்களைக் காத்துவருகிறது.

ஓசையின்றி வரும் இழப்பு

விரியனின் தாக்குதல் வெளிப்படையானது. ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேய்க்கும் பகைவர் வேறு. நீரிழிவும் குருதி மிகையழுத்தமும் அவற்றுள் முதன்மையானவை. குருதிச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தால் குழலால் முழுவதும் மீட்க இயலாது. மிஞ்சியது சிறுநீரில் வழிகிறது. நம் முன்னோர் கண்ட எறும்பு மொய்த்தலின் விளக்கம் இதுவே. இதிலிருந்தே ஒரு மருந்தும் பிறந்தது. 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த புளோரிசின் என்னும் பொருள், சர்க்கரையை மீட்கும் குழலின் கையைத் தடுக்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. அதன் வழியில் உருவான டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் ஆகியவை சர்க்கரையைக் குறைப்பதோடு சிறுநீரகத் தேய்வையும் தாமதப்படுத்துகின்றன. இவற்றின் காப்புரிமை இந்தியாவில் முறையே 2020-லும் 2025-லும் முடிந்தபின் விலையும் இறங்கியது. ஒன்றைக் காக்க அதன் உழைப்பில் ஒரு பகுதியைக் குறைப்பதும் வழியாகிறது என்பது சிந்திக்கத் தக்கது.

இந்நோய்கள் எவையும் இல்லாதவர்க்கும் சிறுநீரகம் தேய்வதுதான் இன்றைய கவலை. உப்பளத்தில் வெள்ளை வெளியின் ஒளியும் வெயிலும் மேலும் கீழுமாய்ச் சுட, நிழலும் குடிநீரும் அருகின்றி நாள்முழுதும் உழைப்பவரைக் கருதிப் பார்ப்போம். வியர்வையில் நீர் போகிறது. ஒதுங்க இடமில்லாத பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். குழல்கள் எஞ்சிய ஒவ்வொரு துளியையும் மீட்கப் போராடுகின்றன. அப்போராட்டம் ஆண்டுதோறும் தொடர்வது சிறுநீரகத்துக்கே ஊறாகலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 2023-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியலார் தமிழ்நாட்டின் உழவுத் தொழிலாளரை ஆய்ந்தபோது, நூற்றுக்கு ஐவர் அளவில் நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவோ வேறு அறிந்த காரணமோ இல்லை. நம் உணவுக்கு உப்பும் சோறும் தருவோர், தம் உடலின் உப்பையும் நீரையும் காக்கும் ஆற்றலை இழந்துவருகின்றனர். இது மருத்துவர்கள் மட்டும் விடைகாண வேண்டிய வினா அன்று. நிழற்கூரை, தூய குடிநீர், உச்சிவேளை ஓய்வு, பெண்களுக்கு ஒதுக்கிடம் என வேலை தருவோரும் அரசும் நாமும் சேர்ந்து விடை சொல்ல வேண்டியது.

நோயை முன்னறிவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 1827-இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட், ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுதிரிச் சுடரில் காட்டினார். வெண்ணிறமாய்த் திரண்ட புரதம் சிறுநீரக நோயைக் காட்டிக்கொடுத்தது. உடல் விடக்கூடாத புரதத்தை விட்டுவிடுவதே நோயின் முதல் முறையீடு. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப்பின் சென்னைச் சிறுநீரகவியலார் எம்.கே. மணி, தம் அறக்கட்டளை வழியாக நகரை அடுத்த ஊர்ப்புறங்களில் 25,000 மக்களிடையே அதே எளிய முறையைத் தழுவினார். உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டா என்று பார்த்தனர், குருதியழுத்தம் அளந்தனர். குறை கண்டோர்க்கு மிக மலிவான பழைய மருந்துகளே தரப்பட்டன. விலையுயர்ந்த மாற்றுச் சிகிச்சை எல்லார்க்கும் எட்டாத நாட்டில், வருமுன் காப்பதே ஏழைகளுக்கு நேர்மை செய்யும் மருத்துவம் என்பது அம்முயற்சியின் அடிப்படை.

நாம் வாய்வழி என்ன கொண்டாலும் நம் குருதி எப்படி இருக்கவேண்டும் என்பதை முடிவுசெய்வது சிறுநீரகம் எதை வைத்துக்கொள்கிறது என்பதே. ஒரு கணத்தில் எல்லாவற்றையும் கைவிட்டு, மறுகணம் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வேண்டியதை மட்டும் மீண்டும் ஏற்கும் இவ்வொழுங்கு, எதைக் கொள்வது எதை விடுவது என்று நாளும் தடுமாறும் நமக்கு ஓர் அமைதியான பாடம். அப்பாடத்தைப் போற்றுவதோடு நில்லாமல், செயலாகவும் ஆக்குவோம். நம் ஊரில் அடுத்து நடக்கும் மருத்துவ முகாமில் கண், பல் சோதனைகளோடு சிறுநீர்ச் சோதனையும் இருக்கட்டும். அதற்கு வயலிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் வருவோர் ஒருநாள் கூலியை இழக்காதபடி, முகாமின் நேரத்தை அவர்கள் மாலைப்பொழுதுக்கு மாற்றிவைப்போம்.